நாற்று பிட்ஸ்பர்க்கில், அறுவடை அடுத்த ஊரில்!

2025-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம் திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. அந்த ஊர் "பேஸ்பால்" அணி, அந்த வருடத்தில் முதல் முறையாகச் சொந்த மைதானத்தில் ஆடும் நாள் அது.

வானத்தில் ஒரு சிறு விமானம் வட்டமிட்டது. அதன் வாலில் நீளமாக ஒரு துணி. "பாப், அணியை விற்றுவிடு!" என்று அதில் எழுதியிருந்தது.

பாப் என்றால் பாப் நட்டிங். அணியின் முதலாளி. 2007 முதல் அணி அவர் கையில் இருக்கிறது. (அவருடைய குடும்பத் தொழில் பத்திரிகை நடத்துவது. நம் இனத்தார்தான்!) மைதானத்துக்கு உள்ளேயும், "விற்றுவிடு! விற்றுவிடு!" என்று ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். அன்றைய ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் 9-4 என்று தோல்வி வேறு!

சொந்த ஊர் அணி மீது ஏன் இவ்வளவு கோபம்? தோற்பதாலா? இல்லை. தோல்வி இந்த ரசிகர்களுக்குப் பழகிப் போன விஷயம். அவர்கள் வயிற்றெரிச்சல் வேறு. தங்கள் வீட்டில் இருந்தவரை சோனியாக இருந்த பிள்ளை, பக்கத்து வீட்டுக்குப் போனதும் பயில்வான் ஆகிவிட்டால் பெற்றவள் மனம் என்ன பாடுபடும்? அதே பாடுதான்!

கொள்ளைக்காரர் என்று பெயர்

அணியின் பெயர் "பைரேட்ஸ்". கடற்கொள்ளைக்காரர்கள் என்று அர்த்தம். 1891-ல் வேறு அணியைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரரை இவர்கள் இழுத்துக் கொண்டார்கள். "இது கடற்கொள்ளை!" என்று எதிராளிகள் கூச்சல் போட்டார்கள். "அப்படியே இருக்கட்டும்" என்று அதையே பெயராக வைத்துக் கொண்டார்கள். இப்போது கொள்ளை கொடுப்பவர்கள் இவர்கள்தான்!

ஒரு காலத்தில் ஜாம்பவான்களாக இருந்தவர்கள். 1909, 1925, 1960, 1971, 1979 ஆகிய 5 வருடங்களில் கோப்பையை வென்றார்கள். ராபர்ட்டோ கிளமென்டே இந்த அணியில்தான் ஆடினார். நிகரகுவா நாட்டில் பூகம்பம் வந்தபோது நிவாரணப் பொருள்களோடு விமானத்தில் கிளம்பி, 1972 டிசம்பர் 31-ந் தேதி விபத்தில் மாண்ட உத்தமர் அவர். அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பிட்ஸ்பர்க்கில் தொப்பியைக் கழற்றுவார்கள்.

பிறகு வந்தது வனவாசம். 1993 முதல் 2012 வரை, 20 வருடங்கள், வெற்றியை விடத் தோல்வியே அதிகம். ராமருக்குக்கூட 14 வருடந்தான்! 2013, 2014, 2015 ஆகிய மூன்று வருடம் வெயில் அடித்தது. 2015-ல் 162 ஆட்டங்களில் 98 வெற்றி! கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. மறுபடியும் இருட்டு.

பிள்ளை வளர்ப்பு எப்படி?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சுலபமாகப் புரியும். ஒரு பக்கம் 9 பேர், 9 சுற்று. பந்து தரையில் குத்தாமல் நேராக மட்டைக்கு வரும். நம் சிக்சரைப் போல வேலிக்கு வெளியே அடித்தால் "ஹோம் ரன்". ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக் கொடுத்தார் என்பதுதான் பந்து வீச்சாளருக்கு மார்க். 4-க்குக் கீழே இருந்தால் நல்ல வீச்சாளர். 2-க்குக் கீழே என்றால் சூரன்!

வருடத்துக்கு ஒரு தடவை, பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் ஆடும் இளைஞர்களை அணிகள் பங்கு போட்டுக் கொள்ளும். மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்வரிசை வாய்ப்பு. தேர்வான பையன் உடனே பெரிய மைதானத்துக்குப் போய்விட முடியாது. சின்ன ஊர்களில் அந்த அணிக்குச் சின்ன அணிகள் இருக்கின்றன. பிராடென்டன், கிரீன்ஸ்பரோ, அல்டூனா, இண்டியானாபொலிஸ் என்று பைரேட்சுக்கு ஏணிப்படிகள். மூன்று நான்கு வருடம் படிப்படியாக ஏற வேண்டும்.

ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவருக்குச் சமீப காலம் வரை வருடத்துக்கு 11 ஆயிரம் டாலர்தான். சங்கம் வைத்துப் போராடிய பிறகு, 2023-ல் அது 26 ஆயிரத்துச் சொச்சம் ஆனது. உச்சிப்படியை எட்டினாலோ, 2025 கணக்குப்படி குறைந்த சம்பளமே 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர்! நடுவில் எத்தனை பேர் உதிர்ந்து போவார்கள் என்று யூகித்துக் கொள்ளலாம்.

விதை வாங்குவதில் பைரேட்ஸ் கஞ்சத்தனம் செய்வதில்லை. 2008-ல் நம் நாட்டிலிருந்துகூட இரண்டு பேரை எடுத்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேசத்து வாலிபர்கள். ஈட்டி எறிந்தவர்கள், பேஸ்பாலைத் தொட்டே அறியாதவர்கள். கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை. ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

விதை சரி. நாற்றங்காலில் என்ன நடக்கிறது? அங்கேதான் கோளாறு.

பாட்டிஸ்டா கதை

ஜோஸ் பாட்டிஸ்டா என்று ஒரு மட்டைக்காரர். 2000-ல் பைரேட்ஸ் தேர்ந்தெடுத்த பையன். நடுவில் கைநழுவ விட்டு, அவர் 2004-ல் ஒரே வருடத்தில் மூன்று அணிகளில் அலைந்த பிறகு, மறுபடியும் வாங்கிக் கொண்டார்கள். வருடத்துக்கு 15, 16 ஹோம் ரன் அடிப்பார். "இவ்வளவுதான் இவர் சரக்கு" என்று முடிவு கட்டி, 2008 ஆகஸ்டில் டொரன்டோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள்.

டொரன்டோவில் இருந்த வாத்தியார்கள் அவர் மட்டை வீசுவதைக் கவனித்தார்கள். "உனக்குப் பலம் இருக்கிறது. ஆனால் தாமதமாகக் கிளம்புகிறாய். காலை முன்னதாகத் தூக்கு, மட்டையை முன்னதாகக் கிளப்பு" என்பதுதான் அவர்கள் சொல்லிக் கொடுத்த பாடம். அவ்வளவே!

2010-ல் பாட்டிஸ்டா அடித்த ஹோம் ரன்கள் 54. அந்த வருடம் இரண்டு லீக்குகளிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மறு வருடம் 43.

கை அதே கை. மட்டை அதே மட்டை. அரை விநாடிப் பிசகு. பிட்ஸ்பர்க்கில் இருந்த அத்தனை வருடமும் அது யார் கண்ணிலும் படவில்லையா என்று ரசிகர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கோலை மாற்றிய ஹூஸ்டன்

இதைவிடப் பெரிய அடி கெரிட் கோல். 2011-ல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர். 80 லட்சம் டாலர் கொடுத்துச் சேர்த்தார்கள். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்!

பிட்ஸ்பர்க்கில் அப்போது ஒரு பாடம் நடந்து வந்தது. "பந்தைத் தாழ்வாகப் போடு. அது இறங்க வேண்டும். அடிப்பவன் அதைத் தரையோடு உருட்டி அவுட் ஆவான்" என்பது அந்தப் பாடம். தப்பான பாடம் என்று சொல்லமாட்டேன். 2013 முதல் 2015 வரை அணி தலைநிமிர்ந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால், எதிராளி சும்மா இருப்பானா? தாழ்ந்து வரும் பந்தைக் கீழிருந்து மேலே தூக்கி அடிக்க நாடு முழுவதும் மட்டைக்காரர்கள் கற்றுக் கொண்டார்கள். காலம் மாறியது. பாடம் மாறவில்லை. 2017-ல் கோலின் மார்க் 4.26. 12 வெற்றி, 12 தோல்வி.

2018 ஜனவரியில் அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அங்கே அதிவேகக் காமிராக்கள் வைத்து, பந்து எப்படிச் சுழல்கிறது என்று அளந்து பார்த்தார்கள். "உன் வேகப் பந்து உயரத்தில் வந்தால் யாராலும் தொட முடியாது. ஏன் தாழ்த்துகிறாய்? மேலே போடு. வளைவுப் பந்தையும் அதிகமாகப் போடு" என்பது அந்த ஊர்ப் பாடம். அந்த வருடமே மார்க் 2.88. 2019-ல் 2.50. அந்த ஒரே வருடத்தில் 326 பேரைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார். யாங்கீஸ் அணி 9 வருடத்துக்கு 32 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து அவரை அழைத்துப் போனது!

2018 ஜூலை கடைசியில் இன்னொரு பேரம். கிறிஸ் ஆர்ச்சர் என்ற பிரபல வீச்சாளருக்காக, டைலர் கிளாஸ்நவ், ஆஸ்டின் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களையும், கொசுறாக ஷேன் பாஸ் என்ற சிறுவனையும் தம்பா பே அணிக்குக் கொடுத்தார்கள். வந்த ஆர்ச்சர் சோபிக்கவில்லை. போன கிளாஸ்நவ்? பிட்ஸ்பர்க்கில் 2017-ல் அவர் மார்க் 7.69. தம்பா பேயில் 2019-ல், காயத்தால் 12 ஆட்டமே ஆடினாலும், 1.78! மெடோஸ் அதே வருடம் 33 ஹோம் ரன்! இந்த ஒரு பேரத்தை நினைத்தால் பிட்ஸ்பர்க் ரசிகருக்குத் தூக்கம் வராது.

பணந்தான் காரணமா?

"முதலாளி பையை அவிழ்ப்பதில்லை" என்பது ரசிகர்களின் புகார். அதில் உண்மை இருக்கிறது. 2025-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் சம்பளப் பட்டியல் 30 கோடி டாலருக்கு மேல். பைரேட்ஸ் பட்டியல் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ஆனால் முதலாளியை மட்டும் திட்டி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. கிளாஸ்நவைத் தேற்றிய தம்பா பே பணக்கார அணியா? அதுவும் சிக்கன அணிதான்! அந்த அணி 2020-ல் இறுதிப் போட்டி வரை போயிற்று. பாட்டிஸ்டாவுக்கு "காலை முன்னதாகத் தூக்கு" என்று சொல்ல எத்தனை கோடி டாலர் வேண்டும்? பணம் இல்லாத வீட்டில் பிள்ளையை இன்னும் கவனமாக அல்லவா வளர்க்க வேண்டும்!

2021-ல் மறுபடியும் முதல் வாய்ப்பு கிடைத்தது. ஹென்றி டேவிஸ் என்ற கல்லூரி வாலிபரை எடுத்தார்கள். நம் விக்கெட் கீப்பரைப் போல, மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவர். 2023-ல் பெரிய அணிக்குக் கூட்டி வந்து, அவரை வெளிமைதானத்தில் நிறுத்தினார்கள்! மேல்மட்டத்தில் மட்டை பிடிக்கக் கற்பதே பெரும்பாடு. அதோடு புது இடத்தையும் கற்க வேண்டியதாயிற்று. பிறகு பழைய இடத்துக்கே கொண்டு வந்தார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் அவர் பத்துக்கு இரண்டு தடவைகூட அடித்து ஓடவில்லை.

சூரன் ஒருவன்

இந்த இருட்டில் ஒரு தீபம் பால் ஸ்கீன்ஸ். 2023-ல் குலுக்கலில் முதல் இடம் விழுந்தது பைரேட்ஸ் செய்த புண்ணியம். 92 லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்தார்கள். 2024 மே மாதமே பெரிய மைதானத்தில் இறங்கினார். கல்லூரியிலேயே பழுத்து வந்த பழம். "நல்ல வேளை, இவர்கள் சொல்லிக் கொடுக்க நேரமில்லை!" என்று குத்தலாகப் பேசும் ரசிகர்கள் உண்டு. நாற்றங்கால் ஆட்களும் கொஞ்சம் உழைத்திருப்பார்கள், அதை மறுக்கக்கூடாது.

2025-ல் ஸ்கீன்ஸின் மார்க் 1.97. சிறந்த வீச்சாளருக்கான "சை யங்" விருது ஏகமனதாகக் கிடைத்தது. அவர் கணக்கில் எத்தனை வெற்றி தெரியுமா? 10. தோல்வியும் 10!

எப்படி? இவர் எதிராளியை மடக்கினாலும், இவர் பக்கத்து ஆட்கள் ஓட்டம் எடுக்க வேண்டாமா? அந்த வருடம் 162 ஆட்டங்களில் பைரேட்ஸ் எடுத்தது 583 ஓட்டம். ஹோம் ரன் 117. 30 அணிகளில் இரண்டிலும் கடைசி! மே மாதமே மானேஜர் டெரெக் ஷெல்டனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது 12 வெற்றி, 26 தோல்வி. டான் கெல்லி வந்தார். முடிவில் 71 வெற்றி, 91 தோல்வி.

ஒப்பந்த விதிப்படி, 2029 முடிந்ததும் ஸ்கீன்ஸ் விரும்பிய அணிக்குப் போகலாம். பிட்ஸ்பர்க் ரசிகர் அந்த வருடத்தை இப்போதே விரல் விட்டு எண்ணுகிறார்.

இன்னொரு பையனும் இருக்கிறான். கானர் கிரிபின், மிசிசிப்பி மாநிலம். 2024-ல் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தார்கள். பந்து வீச்சாளன் அல்ல, மட்டைக்காரன். 2025-ல் பிராடென்டன், கிரீன்ஸ்பரோ, அல்டூனா என்று ஒரே வருடத்தில் மூன்று படி ஏறினான். 21 ஹோம் ரன். எதிராளி அசந்த நேரம் பார்த்து ஓடித் திருடிய தளங்கள் 65! அப்போது வயது 19. நாட்டிலுள்ள இளம் ஆட்டக்காரர்களில் இவனே முதல்வன் என்று நிபுணர்கள் பட்டியல் போட்டார்கள்.

பிட்ஸ்பர்க்கில் இதைப் படித்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கூடவே, அவனுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் யார் என்றும் விசாரித்தார்கள்.