துப்பாக்கி வந்தது, துணைக்கருவி எப்போது?

புது தில்லி: இந்தியக் காலாட்படை வீரரின் கையிலுள்ள துப்பாக்கி கடந்த சில ஆண்டுகளில் மாறத் தொடங்கியுள்ளது. ஆனால், அதை இருளில் பயன்படுத்த உதவும் துணைக்கருவிகள் அதே வேகத்தில் வந்து சேரவில்லை.

அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடமிருந்து 72,400 துப்பாக்கிகளை வாங்க 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் முதல் தொகுதி வந்தது. 2024-ல் மேலும் 73,000 துப்பாக்கிகளுக்கு ஆணை வழங்கப்பட்டது. ஆனால், இந்த ரகத்துக்கான மேம்பட்ட இரவு நோக்கிகளை வாங்கும் ரூ.659.47 கோடி ஒப்பந்தத்தில் பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்திட்டது 2025 அக்டோபரில்தான். நட்சத்திர வெளிச்சத்திலேயே 500 மீட்டர் தொலைவு இலக்கைக் குறிபார்க்க இவை உதவும் என்று அமைச்சகம் தெரிவித்தது. துப்பாக்கிக்கும் அதன் கண்ணுக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கிறது.

விரலுக்கு அடியில் விசை

இரவு நோக்கிக்கே இந்த நிலை என்றால், அதைவிடச் சிறிய கருவிகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அவற்றுள் ஒன்று துப்பாக்கி விளக்கு. மற்றொன்று அதை இயக்கும் அழுத்து ஸ்விட்ச்.

பயங்கரவாதிகள் பதுங்கியுள்ள இருண்ட வீட்டுக்குள் நுழையும் வீரர், எதிரே நிற்பவர் ஆயுததாரியா, அப்பாவியா என்பதை நொடிப்பொழுதில் அறிய வேண்டும். அவரது ஒரு கை விசையருகே இருக்கும். மறு கை குழலைச் சுற்றியுள்ள முன்பிடியைத் தாங்கியிருக்கும். விளக்கை ஏற்றுவதற்காகப் பிடியைத் தளர்த்தினால் குறி தவறும். எனவேதான் விளக்கை முன்பிடியின் நுனியில் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய கம்பி மூலம் ஒரு பட்டையான ஸ்விட்சை இணைத்து, தாங்கும் கையின் கட்டைவிரல் இயல்பாகப் படியும் இடத்தில் பொருத்துகின்றனர். அழுத்தினால் ஒளிரும், விட்டால் அணைந்துவிடும்.

இதில் ஆபத்தும் உண்டு. தவறான இடத்தில் பொருத்தப்பட்ட ஸ்விட்ச், துப்பாக்கியைத் தோளில் மாட்டும்போதோ தரையில் ஊன்றும்போதோ தானே அழுந்தி விளக்கை எரியவிடும். திறந்த வெளியில் அந்த ஒளி வீரர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். தொங்கும் கம்பி புதரில் சிக்கும். சுடும்போது முன்பிடி சூடேறுவதால் வெறும் பசை நெகிழும். ஆகவே, ஸ்விட்சை உறுதியாகப் பிணைக்கும் சட்டமும், கம்பியை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகளும் தேவைப்படுகின்றன.

இன்சாஸ் தந்த பாடம்

இதற்கான பல்வரிசை போன்ற உலோகச் சட்டத்தை, பிகாட்டினி என்ற பெயரில், அமெரிக்க ராணுவம் 1995-லேயே தரப்படுத்திவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவில் சேவைக்கு வந்த இன்சாஸ் துப்பாக்கியின் முன்பிடியில் அத்தகைய சட்டம் இல்லை. 1999 கார்கில் போரில் கடுங்குளிரில் அதன் தோட்டாப் பெட்டிகள் (மேகசின்) விரிசல் கண்டதாக எழுந்த புகார்கள் பெரிதாகப் பேசப்பட்டன. இரவுப் போருக்கான குறை அந்த அளவு பேசப்படவில்லை.

2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலின் புகை சூழ்ந்த அறைகளில் தேசியப் பாதுகாப்புப் படையினர் நடத்திய தேடுதல், இருளில் போரிடுவதன் கடினத்தை நாட்டுக்கே உணர்த்தியது. 2012-ல் அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி வி.கே. சிங், பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எழுதி வெளியே கசிந்த கடிதத்திலும், காலாட்படைக்கு இரவில் போரிடும் திறன் போதவில்லை என்பது சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. இன்சாஸுக்கு மாற்றாக இரு வகைத் தோட்டாக்களைப் பயன்படுத்தும் துப்பாக்கி வாங்க 2011-ல் கோரப்பட்ட டெண்டர், 2015-ல் ரத்தானது.

புதிய துப்பாக்கிகளில் இடம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் உள்ள கோர்வா ஆலையில் 6,01,427 ஏ.கே.-203 துப்பாக்கிகளைத் தயாரிக்க 2021 டிசம்பரில் ரஷியாவுடன் ஒப்பந்தமானது. அதன் மேல்மூடியிலும் முன்பிடியிலும் துணைக்கருவிகளைப் பொருத்தும் சட்டங்கள் உள்ளன. ஆனால், சட்டம் இருப்பதால் மட்டும் விளக்கு வந்துவிடாது.

யார் பொறுப்பு?

ராணுவத்துக்கான கொள்முதல் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்பு. மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. காவல் துறையோ மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. காஷ்மீரில் ஒரே வீட்டைச் சுற்றி வளைக்கும் ராணுவத்தினரும் மத்தியப் படையினரும் உள்ளூர்ப் போலீஸாரும் மூன்று வெவ்வேறு வழிகளில் கருவி பெறுகிறார்கள். விளக்கு, ஸ்விட்ச், பேட்டரி ஆகியவற்றில் பொதுத் தரம் இருந்தால், ஒரு படையின் உதிரிப்பாகம் மற்றொன்றுக்கும் பயன்படும்.

இன்சாஸ் தயாரிப்பில் பங்கேற்ற திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட பின், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. முன்பிடிகளையும் கவ்விகளையும் உள்நாட்டிலேயே செய்வது இத்தகைய ஆலைகளுக்கு அரிய காரியமல்ல.

எல்லாத் துப்பாக்கிகளுக்கும் விளக்கு தேவை என்பதும் சரியல்ல. மலை முகட்டில் காவல் நிற்பவருக்கு இரவு நோக்கிதான் முக்கியம். அங்கே வெண்ணொளி எதிரிக்கே உதவும். வீடு புகுந்து தேடும் படைப்பிரிவுகளுக்கு விளக்கு இன்றியமையாதது. எந்தப் பிரிவுக்கு எது என்று முன்கூட்டியே வகுத்து, துப்பாக்கி ஒப்பந்தத்திலேயே துணைக்கருவி, பேட்டரி, இரவுப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்ப்பதே முறை.

துப்பாக்கியை ஓர் ஆண்டிலும் அதன் கண்ணை மற்றோர் ஆண்டிலும் வாங்கும் வழக்கம் கோப்புகளுக்கு வசதியாக இருக்கலாம். இருட்டறையின் வாசலில் நிற்கும் வீரருக்கும், உள்ளே சிக்கியிருக்கும் அப்பாவிக்கும் அதற்கான அவகாசம் இல்லை.