ஆளில்லா விமானமும் ஆராய்ந்தறியும் கடமையும்





2024 அக்டோபரில், அமெரிக்காவிடமிருந்து 31 எம்க்யூ-9பி ட்ரோன்களை வாங்க நமது நாடு ஒப்பந்தம் செய்தது. கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8. இவ்வகை ட்ரோன்கள் இரண்டு, ஆயுதமின்றி, 2020 முதலே குத்தகைக்குப் பெறப்பட்டு, நம் அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்து வந்தன. இனி வருபவை ஏவுகணை ஏந்தக்கூடியவை.

அரசுகள் இவற்றை ஏன் நாடுகின்றன? ஒரு நாளுக்கும் மேலாக வானில் நின்று நோட்டமிடலாம். அண்டை நாட்டிடம் இருப்பது நம்மிடம் இல்லையே என்னும் அச்சமும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, தாக்கச் செல்லும் விமானத்தில் நம் வீரரின் உயிர் இல்லை.

தன் மக்களைக் காக்கும் இந்நோக்கத்தை மார்க்கம் குறை கூறுவதில்லை. இயன்ற பலத்தைத் திரட்டுமாறு ஸூரா அன்ஃபாலின் 60ஆவது வசனம் பணிக்கிறது. ஹிஜ்ரி 5இல், ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் கூறிய பாரசீகப் போர்முறையை ஏற்று, நபி (ஸல்) அவர்கள் மதீனாவைக் காக்க அகழ் தோண்டினார்கள்.

ஆயின் அகழ் தடுக்கும். தேடிச் சென்று கொல்லாது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில், ஒரு வாகனத்தைப் பல மணி நேரம் பின்தொடர்ந்து கண்காணித்த பின்னரே அமெரிக்க ட்ரோன் தாக்கியது. இறந்த 10 பேரும் அப்பாவிகள். அவர்களுள் எழுவர் சிறார். தவறென அமெரிக்கா ஒப்புக்கொண்டது. எவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவில்லை.

கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்க, வந்த செய்தியைத் தெளிவாக விசாரிக்குமாறு ஸூரா ஹுஜுராத்தின் 6ஆவது வசனமும் கட்டளையிடுகிறது.

விமானி ஓட்டும் போர் விமானமும் தவறு செய்யாதா எனச் சிலர் வினவலாம். செய்யும். எனினும், தன் வீரனை மரணத்தின் வாயிலுக்கு அனுப்பும் தளபதி ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பார். ட்ரோன் அத்தயக்கத்தை அகற்றிவிடுகிறது. அகன்ற தயக்கத்தின் இடத்தைச் சட்டமே நிரப்ப வேண்டும்.

தவறுதலாக நிகழும் கொலைக்கும் பரிகாரத்தையும், உறவினருக்கு தியத் எனும் ஈட்டுத்தொகையையும் ஸூரா நிஸாவின் 92ஆவது வசனம் விதிக்கிறது. ஆகவே, ஆயுதம் வாங்குவதை வெறுமனே கொண்டாடுவதோ வெறுப்பதோ நம் பணியன்று. ஏவ ஆணையிடுபவர் யார், தவறினால் விசாரிப்பவர் யார், இழந்தோருக்கு ஈடு என்ன என்று கேட்பதே குடிமக்களாகிய நம் கடமை.

நீதியுடன் நடக்கும் ஆட்சியாளர்களையும், நீதியைக் கேட்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! ஆமீன்.