சூதாட்டம்: தௌபாவோடு வைத்தியமும் வேண்டும்

2025இல் கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கெசினோ திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வரியைப் பற்றி நிறையப் பேசினோம். ஆடி அழிந்தவனை யார் பார்ப்பது என்று பேசவில்லை. குண்டசாலையில் இருப்பவன் ஆடுவதற்குக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. கையில் போன் இருக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரே பதில்தான்: ஹராம். அதில் மாற்றுக் கருத்தில்லை. சூரா அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் சேர்த்தே தடுக்கிறது. ஆனால் ஹராம் என்று நன்றாகத் தெரிந்தும், அழுது தௌபா செய்தும், அடுத்த கிழமையே மனைவியின் காப்பை அடகு வைப்பவனுக்கு என்ன சொல்வது? அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013இல் சூதாட்ட நோயை மது, ஹெரோயின் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் சேர்த்தது. காரணம், மூளையில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பந்தயம் கட்டும்போது உடலே சுரக்கும் ஒபியொயிட் பொருட்கள் டோபமைனைத் தூண்டி, "இன்னும் ஒரு தடவை" என்று இழுக்கின்றன.

நல்ட்ரெக்சோன் என்ற குளிசை அந்த ஒபியொயிட் வாசலை அடைக்கிறது. அமெரிக்காவில் 1984இல் ஹெரோயின் போன்றவற்றுக்கும், 1994இல் மதுவுக்கும் அனுமதி பெற்றது. மின்னசோட்டாவில் 2001இல் வெளியான ஆய்வில், அதை எடுத்த சூதாடிகளில் 75 வீதமானோர் நன்கு தேறினர். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 24 வீதம். ஆய்வு சிறியது, இடையில் விலகியவர்களும் அதிகம். 2009இல் திருட்டு வெறிக்கும் இதைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். குடும்பத்தில் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வேலை செய்கிறதாம். என்றாலும் சூதாட்டத்துக்கென்று அமெரிக்காவில்கூட அனுமதி கிடைக்கவில்லை. வைத்தியர் தன் பொறுப்பில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பார்மசியில் சும்மா வாங்கிப் போடும் குளிசையும் அல்ல இது. ஈரலைச் சோதிக்க வேண்டும். ஹெரோயினோ டிரமடோலோ உடலில் இருக்கும்போது எடுத்தால் கடும் உபாதை வரும். அதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. இன்னொன்று: பார்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளே சிலரைச் சூதாட வைக்கின்றன. வயதான வாப்பா திடீரென லொத்தர் பைத்தியமானால், திட்டுவதற்கு முன் அவருடைய மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் குண்டசாலைக்குத் தூரமில்லை; இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926க்கு அழைத்தும் பேசலாம். ஐஸ், ஹெரோயின் பற்றி மிம்பரில் பேசுகிற நம் பள்ளிவாசல்கள், இந்த நோயையும் ஒரு ஜும்ஆவில் பெயர் சொல்லிப் பேசினால், வங்கிக் கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போக ஓரிருவராவது துணிவார்கள்.