பூங்கா என்று பெயர் இல்லாத பசுமை

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு நீங்கள் ஏறியிருப்பீர்கள். அடுத்த முறை ஏறும்போது, கும்பிட்டு முடித்ததும் உடனே இறங்கிவிடாமல் மேலே சிறிது நேரம் நின்று நாற்புறமும் பாருங்கள். வடக்கே காவிரி, அதற்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம், அதைச் சுற்றித் தென்னந்தோப்புகள். திரும்பி நின்று மேற்கையும் தெற்கையும் பார்த்தால் தென்னூர், தில்லைநகர், புத்தூர் என்று ஒரே மொட்டைமாடிக் கடல். தண்ணீர்த் தொட்டிகளும் கைப்பேசிக் கோபுரங்களும்தான் அதில் அலைகள். இடையிடையே சில பச்சைத் திட்டுகள் தெரியும். அவற்றை எண்ணிவிட உங்களுக்கு அதிக நேரம் ஆகாது.

தென்னூர், புத்தூர், உறையூர் என்ற பெயர்களைக் கவனித்தீர்களா? எல்லாம் தனித்தனி ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயல்கள் இருந்தன. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 70 கி.மீ. ஓடி, வாழவந்தான்கோட்டை ஏரி வரை செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்கால் அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது. சோழர் காலத்து வாய்க்கால். இன்று அது நகரத்தின் நடுவே கழிவு நீரையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறது.

அந்த வயல்களை யாரும் பூங்கா என்று அழைத்ததில்லை. அவற்றுக்குத் திறப்பு விழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆகவே அவை மறைந்தபோது, ஒரு பூங்கா போய்விட்டதே என்று யாரும் புலம்பவும் இல்லை. நகரம் வளர்கிறது, கூடவே பூங்காக்களும் பெருகுகின்றன என்று சிலர் மகிழ்ச்சியோடு சொல்லும்போது என் மனம் ஒப்பாததற்குக் காரணம் இதுதான். ஏக்கர் கணக்கில் போனதை எழுதாமல், சென்ட் கணக்கில் வந்ததை மட்டும் எழுதுகிற கணக்கு அது.

போனதன் மதிப்பு என்ன? இயற்பியல்காரன் என்பதால் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். நீர் பாய்ந்த நெல்வயல் ஒன்றிலிருந்து ஒரு நாளில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயர நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். 4,000-ஐ 0.005-ஆல் பெருக்கினால் 20 கன மீட்டர், அதாவது 20,000 கிலோகிராம் நீர். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்று உங்கள் பாடப்புத்தகம் கூறுகிறது. ஆகமொத்தம் ஓர் ஏக்கர் வயல் ஒரே நாளில் விழுங்கும் வெப்பம் சுமார் 4,860 கோடி ஜூல்!

இந்த எண் மனத்தில் பதியாது. வேறு விதமாகச் சொல்கிறேன். ஒன்றரை டன் ஏ.சி. இயந்திரம் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 5,300 ஜூல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும். பத்து மணி நேரம் நிற்காமல் ஓடினால் சுமார் 19 கோடி ஜூல். வகுத்துப் பாருங்கள். ஒரு நாளில் ஓர் ஏக்கர் வயல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 250 ஏ.சி. இயந்திரங்கள் வேண்டும். அதிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஏ.சி. அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது, தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து! வயலோ அதை நீராவியோடு மேலே அனுப்பிவிடுகிறது.

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கையை உயர்த்துவார்: "சார், சித்திரை வெயிலில் வயலில் ஏது தண்ணீர்?" சரியான கேள்வி. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். நாம் மிகவும் வாடுகிற ஏப்ரல், மே மாதங்களில் பல வயல்கள் காய்ந்துதான் கிடக்கும். அப்போது வேலை செய்பவை மரங்கள். ஆழத்தில் வேர்விட்ட ஒரு வேம்போ புங்கனோ நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி இலை வழியே விட்டுக்கொண்டிருக்கும், நிழலும் தரும். வாய்க்கால் கரைகளிலும் தோப்புகளிலும் அத்தகைய மரங்கள் இருந்தன.

வயலும் மரமும் இருந்த இடத்தில் சிமெண்ட்டும் தாரும் வந்தால் நடப்பது வேறு. ஆவியாக நீர் இல்லாததால் வெயிலின் ஆற்றல் சுவரையும் சாலையையும் சூடாக்குவதிலேயே செலவாகிறது. இரவில் அவை அந்த வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீச்சாக அனுப்ப வேண்டும். ஆனால் குறுகிய தெருவில் ஒரு சுவருக்கு எதிரே தெரிவது வானம் அன்று, எதிர்வீட்டுச் சுவர். ஒன்று விட்ட வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது. இரவு பத்து மணிக்கும் மொட்டைமாடித் தரை பாதத்தைச் சுடுவது உங்களுக்கே தெரியும். மேகங்களுக்குப் பெயர் சூட்டிய லூக் ஹோவார்டு என்ற ஆங்கிலேயர் லண்டனின் தட்பவெப்பத்தை ஆண்டுக்கணக்கில் அளந்து, நகரத்தின் இரவு சுற்றுப்புறக் கிராமங்களைவிட ஏறத்தாழ 2 செல்சியஸ் டிகிரி வெப்பமாக இருக்கிறது என்று 1833-ஆம் ஆண்டுக்குள் எழுதிவிட்டார். குளிர்நாட்டுக்காரருக்கு அந்த 2 டிகிரி இதமாகக்கூட இருந்திருக்கலாம். நமக்கு அப்படியில்லை.

வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீடும் ஒரு காலத்தில் நாற்று நட்ட நிலத்தில்தான் நிற்கிறது. 1994-இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்ந்து திருச்சி மாநகராட்சியானது. 2025-இல் பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறந்தது. நகரம் அந்தத் திசையிலும் கால் நீட்டத்தான் செய்யும். என் வழக்கு வேறு. போன மண்ணுக்கு ஈடாக நமக்குத் தரப்படும் சிறிய இடமாவது மண்ணாக இருக்கிறதா?

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில் இடம் தர இயலாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். பின்னது எனக்கு உடன்பாடில்லை. இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக மனை பிரித்தால் அந்தத் தெருவுக்கு ஒரு மரத்தடிகூட இல்லாமல் போகலாம். முன்னதையும் கண்காணிக்க வேண்டும். பெங்களூரில் ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அங்கே குடியிருந்தவர்களே வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

சரி, இடம் தப்பிப் பூங்காவாகவே ஆகிவிட்டது. உள்ளே போய்ப் பாருங்கள். வாயிலிலிருந்து சுவர் வரை சிமெண்ட் கற்கள் பதித்த தளம். நடுவே வண்ண விளக்கு நீரூற்று. அது பெரும்பாலும் ஓடாது. உடற்பயிற்சிக் கருவிகள் மே மாத நண்பகலில் தொட்டால் கையைச் சுடும். ஓரத்தில் தொட்டிச் செடிகள். மண்ணாக இருந்தால் மழையில் சேறாகும், பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள் என்கிறார்கள். நியாயம்தான். நடப்பதற்கு ஓர் ஆள் அகலத்தில் பாதை போடட்டும். மீதியை ஏன் மூட வேண்டும்? நீர் ஆவியாகாத, மழைநீர் இறங்காத பூங்கா, இயற்பியலின் கண்ணுக்கு இன்னொரு மொட்டைமாடிதான்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருச்சியின் மேலப்புலிவார்டு ரோட்டுக்கும் புலிக்கும் தொடர்பில்லை. 'புலிவார்டு' என்பது 'பூல்வார்டு' என்ற பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. மரங்கள் நிழல்தரும் அகன்ற வீதி என்று பொருள். தென்னூருக்கு அருகே சாலை ரோடு இருக்கிறது. பழந்தமிழில் 'சாலை' என்பதற்கும் மரங்கள் அடர்ந்த வழி என்ற பொருள் உண்டு. நண்பகலில் இரண்டிலும் நடந்து பார்த்தால் நிழல் பெயரில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்பது தெரியும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவில் இன்னும் தோப்புகள் உள்ளன. அங்கும் மனைக் கற்கள் நடப்படுகின்றன. தென்னூரின் பக்கத்து வயல்கள் போனபோது நீங்கள் பிறக்கவில்லை. இது உங்கள் காலத்தில் நடப்பது.

ஒரு வேலை தருகிறேன். மே மாதத்தில் காற்றில்லாத ஓர் இரவில், ஒரே வகையான இரண்டு வெப்பமானிகளோடு இரு குழுக்களாகப் பெரியவர்களை உடன் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். ஒரு குழு சாலை ரோட்டில் நிற்கட்டும்; மற்றொன்று ஸ்ரீரங்கத்தில் ஏதேனும் ஒரு தோப்பின் ஓரத்தில். வெப்பமானியைச் சுவரிலிருந்து தள்ளி, மார்பு உயரத்தில், குமிழைக் கை தொடாமல் பிடித்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் படியுங்கள். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி என்று மூன்று அளவுகள் போதும். கிளம்புவதற்கு முன்பே இரண்டு வெப்பமானிகளையும் ஒரே இடத்தில் வைத்து, அவை ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.