துருத்தி ஊதிய பையன்

பழைய முறையில் நெய்த காஞ்சிபுரம் கோர்வைச் சேலை உங்கள் பெட்டியில் இருக்கிறதா, சகோதரிகளே? அதை ஒருவர் தனியாக நெய்திருக்க முடியாது. மறுபக்கத்துக் கரைக்கு நாடா தள்ள, தறியில் இன்னொருவரும் உட்கார வேண்டும்.

அப்படிப்பட்ட துணைக்கைக்கு அபராதம் போட்ட கதை ஒன்று கேளுங்கள். 1913-ஆம் வருஷத்து 'டூர் தெ பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம். டூர்மலே மலையிலிருந்து இறங்குகையில் யூஜின் கிறிஸ்தோஃப் என்பவரின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் ஒடிந்துவிட்டது. பிறர் உதவி கூடாதென்பது விதி. மனிதர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். கொல்லன் பட்டறையில், அதிகாரிகளின் கண்ணெதிரே, தாமே இரும்பைக் காய்ச்சிப் பொருத்தினார். இரண்டு கைகளும் வேலையில் இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அதற்குப் பத்து நிமிஷம் அபராதம்! பிறகு அதைக் குறைத்தார்களாம்.

இதே பந்தயத்தில் 1904-ல் முதல் நான்கு பேரையும் மோசடிக்காகத் தள்ளி, ஐந்தாவதாக வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் பந்தயமே இல்லை. ஆனால் துருத்தியால் யார் ஏமாந்தார்கள்?

வீட்டிலும் நாம் விதி போடுகிறோம். பிரம்பை எடுக்குமுன், எந்தத் தப்பைத் தடுக்க அந்த விதி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாமல்லவா?