இந்த வயதில் எதற்கு?

பிள்ளைகளைக் கரையேற்றிய மயிலாப்பூர் முதியவர்களுக்கு நம் குடும்பங்கள் அனுமதித்திருக்கும் இன்பங்கள் இரண்டு: காலையில் நாகேஸ்வரராவ் பூங்கா, மாலையில் கபாலீசுவரர் கோயில். காசிக்கும் மறுப்பில்லை. ஹம்பியைப் பார்க்க வேண்டுமென்று அவர்கள் வாய்திறந்தால் மட்டும், "இந்த வயதில் எதற்கு?"

ரயில்வே துறையும் அதே குரலில்தான் பேசுகிறது. 60 வயதான ஆண்களுக்கு 40, 58 வயதான பெண்களுக்கு 50 விழுக்காடு என்றிருந்த கட்டணச் சலுகையை, கொரோனாவைக் காரணம் காட்டி 2020 மார்ச் 20 முதல் நிறுத்தினார்கள். வண்டிகள் திரும்பின, சலுகை திரும்பவில்லை. எல்லாப் பயணிகளுக்குமே மானியம் தருகிறோமே என்பது அவர்கள் வாதம். கைநிறையச் சம்பளம் வாங்குபவரும், ஆயுள் முழுக்க அடுப்படியில் உழைத்துவிட்டுத் தன் பெயரில் ஓய்வூதியம் என்று ஒரு காசுமில்லாத மூதாட்டியும் ஒன்றா என்று கேட்கிறோம்.

சென்னை மாநகரப் பேருந்தில் 60 கடந்தோர்க்கு மாதம் 10 இலவச டோக்கன்கள் உண்டு. 2016இல் வந்த நல்ல ஏற்பாடு. அதை வைத்துக்கொண்டு தி. நகரிலிருந்து அடையாறு போகலாம். அதற்கப்பால்?

நாம் கேட்பது பிச்சையன்று. ஸ்லீப்பருக்கும் மூன்றாம் வகுப்பு ஏசிக்குமாவது சலுகையை மீண்டும் பரிசீலியுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. அதற்கும் அசையவில்லை, டில்லி.