புதுக் கார் நடுவழியில் நின்றால்



சென்ற இதழில் வாடகை வீட்டுக்குக் கட்டும் முற்பணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கதைத்த சிலர், "தவணைக்குக் கார் எடுக்கிறதைப் பற்றியும் ஒருக்கா எழுதுங்கோ" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட நேரம் எங்கள் கார் திருத்துமிடத்தில் கிடந்தது. கதை முடியட்டும் என்று பொறுத்திருந்து இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் இருவரும் ஒரே உணவுத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்கிறோம். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி லண்டன் முழுவதற்கும் புகைக் கட்டணம் வந்தபோது, எங்கள் பழைய டீசல் காருக்கு நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டி வந்தது. வேலைக்குப் போவதற்கே தெண்டம் கட்டுவதா என்று அதை விற்றோம். ஒரு வருடத்துக்கு மேல் பஸ்ஸில் அலைந்து காசு சேர்த்து, 2,000 பவுண் முற்பணம் கொடுத்து, மிகுதியை மாதாமாதம் கட்டுவதென்று புது மின்சாரக் கார் ஒன்று எடுத்தோம். இந்த நாட்டில் நாங்கள் முதன்முதல் வாங்கிய புதுச் சாமான் அதுதான். சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்துத்தான் ஏறினோம்.

இருபத்தைந்தாம் நாள் விடியப்புறம் ஐந்து மணிக்கு, ஹேய்ஸ் பக்கத்துப் பெரிய வீதியில், காரின் திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. வாசித்து முடிக்க முன்னரே கார் இழுவை குறைந்து நின்றுவிட்டது. பெரிய பற்றரியில் 78 வீதம் மின்சாரம் இருப்பதாகக் காட்டியபடியே நின்றது. அதுதான் எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு விளங்கியதைச் சொல்கிறோம். மின்சாரக் காருக்கு இரண்டு பற்றரி உண்டு. காரை ஓட்டுவது தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பற்றரி. கதவு, விளக்கு, திரை, காரின் கணினி எல்லாவற்றுக்கும் சாதாரணக் காரில் இருப்பதுபோல ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி. பெரியதில் இருந்து சின்னதுக்கு மின்சாரத்தை இறக்கிக் கொடுக்க இடையில் ஒரு கருவி இருக்கிறது. எங்கள் காரில் பழுதானது அந்தக் கருவி. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாளிக் கயிறு அறுந்தால் குடிக்க முடியாதல்லவா? அதே கதைதான்.

இப்படி நடந்தால், முடிந்தால் காரை ஓரத்துக்கு எடுங்கள். நான்கு பக்க விளக்கையும் போட்டுவிட்டு, வீதிப் பக்கக் கதவால் இறங்காமல் இடப்பக்கத்தால் இறங்கித் தள்ளி நில்லுங்கள். புகையோ கருகிய மணமோ வந்தால் கிட்டப் போகாமல் 999க்கு அழையுங்கள். செம்மஞ்சள் நிறத் தடித்த கம்பிகளைத் தொடவே கூடாது. அவற்றில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம். தெரிந்தவர் வந்து கயிறு கட்டி இழுக்கிறேன் என்றாலும் விடாதீர்கள். மோட்டருடன் சேர்ந்த சக்கரம் உருண்டால் மோட்டர் தானாக மின்சாரம் உண்டாக்கி மேலும் பழுதாகலாம். காரை முழுதாகத் தூக்கி ஏற்றும் வண்டிதான் வரவேண்டும். வந்தவரிடம் என்ன பழுது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் பிறகு பொன்னுக்குச் சமன்.

இனி நாங்கள் விட்ட பிழை. காரை விற்ற இடத்துக்குப் போய் அந்த மேசை முன்னால் நின்றபோது எங்கள் வாயில் முதலில் வந்த சொல் "சொறி". பழுதான காரை விற்றவர் அவர், மன்னிப்புக் கேட்டது நாங்கள். "சாமான் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும், சில கிழமை செல்லும், திருத்தித் தருகிறோம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று எங்களுக்குத் தெரியாது. பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். பழுது இருந்ததை நாங்கள் காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தத் தாள். நாங்கள் நின்றது இருபத்தைந்தாம் நாளில். திருத்தச் சொன்னால் அந்த நாட்கணக்கு இடையில் நிற்கும், கார் திரும்பி வந்தபின் குறைந்தது ஏழு நாள் கிடைக்கும். கார் ஐந்து கிழமையால் வந்தது. பத்தாம் நாள் அதே சிவப்பு எழுத்து, அதே பழுது. மூன்று நாளால் தவறவிட்டோம்.

இந்த ஐந்து கிழமையும் நாங்கள் பட்ட பாட்டை இரவு வேலை, விடிகாலை வேலை செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று மணிக்கே எழும்பி, பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் நித்திரையோடு தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறினோம். இரண்டு முறை பிந்திப் போய் மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினோம். கார் இல்லாமல் காருக்குத் தவணை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

தொழிற்சாலையில் ஒருவர், "தவணையைக் கட்டாதை, அப்பதான் அவைக்கு உறைக்கும்" என்றார். நல்லவேளை நாங்கள் கேட்கவில்லை. கட்டாமல் விட்டால் எங்கள் கடன் பதிவில்தான் கறை விழும். பிறகு வீட்டுக் கடனும் இல்லை, வேறு கடனும் இல்லை. இன்னொருவர், "பேசாமல் இருங்கோ, முறைப்பாடு எழுதினால் விசாவுக்கு ஏதும் வரும்" என்றார். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. ஊரில் ஒரு கந்தோருக்கு எதிராகக் கடிதம் எழுதினால் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

கடைசியில் ஆலோசனை நிலையத்தில் இருந்த ஒரு பெண் எங்கள் பயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கடைக்காரருடன் உள்ள பிணக்கு வேறு, உள்துறை அமைச்சில் உள்ள கோப்பு வேறு என்று ஆறுதலாக விளக்கினார். பிறகு எங்கள் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "இந்தக் கார் யாருடையது?" எங்களுடையது என்றோம். இல்லை என்றார். கடைசித் தவணை கட்டும்வரை கார் நிதி நிறுவனத்துக்குச் சொந்தம். ஆகவே பழுதுக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியதும் அந்த நிறுவனமே. விற்றவர், "காரைச் செய்த கொம்பனியின் உத்தரவாதத்தில் பாருங்கோ" என்று கையை விரித்தார். அந்த உத்தரவாதம் கொம்பனி தானாகத் தரும் வாக்கு. பெரிய பற்றரிக்கு வழக்கமாக எட்டு வருடம் அல்லது 100,000 மைல் என்று இருக்கும். சட்டம் தரும் உரிமை அதற்கு மேலதிகமானது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடக்கூடாது.

30 நாள் போனாலும் எல்லாம் போய்விடவில்லை. ஒருமுறை திருத்தியும் பழுது நீங்காவிட்டால் காரைத் திருப்பிக் கொடுக்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் வரும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஆனால் கார் என்றபடியால், ஓடிய அளவுக்கு ஒரு தொகை கழிக்க அவர்களுக்கு இடமுண்டு.

நாங்கள் ஒரு கொப்பியில் எழுதி வைத்த திகதிகளைப் பார்த்து அந்தப் பெண் ஒரு பக்கக் கடிதம் எழுத உதவினார். வாங்கிய நாள், நின்ற நாள், திருத்தக் கொடுத்த நாள், மீண்டும் நின்ற நாள், காரைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். ஏச்சும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நிதி நிறுவனம் பதில் சொல்ல எட்டுக் கிழமை அவகாசம் உண்டு. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, நிதிக் குறைகேள் அதிகாரியிடம் காசில்லாமல் முறையிடலாம். முடிவுக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. ஏழாம் கிழமை கடிதம் வந்தது. காரை எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தை முடித்தார்கள். கார் இல்லாமல் இருந்த காலத்துக்கு இரண்டு தவணையைத் திருப்பித் தந்தார்கள். முற்பணத்தில் ஓடிய மைலுக்கென்று 340 பவுண் கழித்தார்கள். அந்த 340 பவுண், இருபத்தைந்தாம் நாள் "சொறி" சொல்லித் தலையாட்டியதற்கு நாங்கள் கொடுத்த விலை.

மின்சாரக் கார் கூடாது என்று சொல்ல வரவில்லை. காசு சேர்ந்ததும் நாங்களும் இன்னொன்று எடுப்போம். எடுக்கும் நாளிலேயே காலண்டரில் முப்பதாம் நாளுக்கு வட்டம் போடுவோம், அவ்வளவுதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே அழத் தேவையில்லை. திகதி போட்டு எழுதினால் போதும்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் இப்படிச் சிக்கல் வந்தால் மக்கள் ஆலோசனை நிலையத்தின் நுகர்வோர் இலக்கமான 0808 223 1133க்கு இலவசமாக அழைக்கலாம். ஆங்கிலம் தயக்கமென்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். அழைக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அடுத்த இதழில் பள்ளிக்கூட இலவச உணவுக்கு விண்ணப்பிப்பது பற்றி எழுதுவோம். அதுவரை வணக்கம்.